கூட்டில் நிற்கும் மீனை விட்டுவிடுங்கள்: ஃப்ளோட் ட்யூப் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

கலிஃபோர்னியாவில், சான் டியேகோவின் மிராமார், மர்ரே ஏரிகளில் ஃப்ளோட் ட்யூபில் (காற்றடைத்த மிதவை இருக்கையில்) மிதந்தபடி பாஸ் மீன் பிடிக்கும் தமிழ் நண்பர்களுக்கு, வணக்கம்.

உங்களில் பாதிப் பேரை முகம் பார்த்தால் தெரியும், மீதிப் பேரைத் தொப்பியைப் பார்த்தால் தெரியும். மீரா மெசாவிலோ போவேயிலோ வீடு, சொரென்டோ பள்ளத்தாக்குப் பக்கம் வேலை, வாரக் கடைசியில் ஏரிக்கரையில் நின்று ட்யூபுக்குக் காற்றடிப்பது என்று நம்மவர்களில் ஒரு சின்னக் கூட்டமே சேர்ந்துவிட்டது. நல்ல விஷயம்தான். கிரிக்கெட்டையும் பேட்மிண்டனையும் விட்டால் இவர்களுக்கு வேறு ஒன்றும் தெரியாது என்று பேசுகிறவர்களுக்கு இனி வேறு பேச்சு தேட வேண்டியிருக்கும்.

ஆனால் மார்ச் பிறந்துவிட்டால் வாட்ஸ்அப் குழுவில் வந்து விழும் படங்கள் எனக்குச் சங்கடமாக இருக்கின்றன. கரையோரக் கோரைக்குப் பக்கத்தில், மூன்றடித் தண்ணீரில், முட்டைகளைக் காவல் காத்துக்கொண்டு நின்ற மீன்கள் அவற்றில் பல. படம் போட்டவர் சொல்லாவிட்டாலும் தெரிந்துவிடும். வாலின் கீழ்நுனி தேய்ந்து, ரத்தம் கட்டிச் சிவந்திருக்கும். வாலால் தரையைக் கூட்டிக் கூட்டிக் கூடு கட்டிய மீனுக்குத்தான் அப்படி ஆகும்.

என் வேண்டுகோள் இதுதான். பிப்ரவரிக் கடைசியிலிருந்து மே வரை, கூட்டில் நிற்கும் பாஸைக் கண்டால் தூண்டில் போடாமல் தாண்டிப் போய்விடுங்கள். மீனே பிடிக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை; அந்த மாதங்களில் நானும் ஏரியில்தான் இருப்பேன். கூட்டில் நிற்கும் மீனை மட்டும் விட்டுவிடச் சொல்கிறேன்.

இதை எதற்கு நமக்குச் சொல்ல வேண்டும், சத்தமில்லாத மின்மோட்டாரும் மீனைக் காட்டும் சோனார் திரையுமாகப் படகில் வருகிறவர்களிடம் போய்ச் சொல்லக் கூடாதா என்று கேட்பீர்கள். அவர்களுக்கும் இது பொருந்தும், மறுக்கவில்லை. ஆனாலும் கூட்டுக்கு மிக அருகே போய்விடக்கூடியவர்கள் நாம்தான். படகு தட்டிவிடும் ஆழமில்லாத ஒதுக்குகளுக்குள் ட்யூப் சத்தமே இல்லாமல் நுழையும். கரையிலிருந்து போடுகிறவருக்குக் கோரை மறைக்கும். நமக்கு அதுவும் இல்லை, தண்ணீர்ப் பக்கமிருந்து நேராகப் பார்க்கிறோம். நீர்மட்டத்தோடு மட்டமாக உட்கார்ந்திருக்கிறவரை மீன் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. வெளிச்சம் தண்ணீருக்குள் வளைந்து போகும் விதம் அப்படி. படகின் மேல்தளத்தில் நிற்கிறவர் அதன் கண்ணுக்கு நெட்டையாகத் தெரிவார், தாழ இருக்கிறவர் விளிம்பில் ஒரு கோடாகச் சுருங்கிப் போவார். மற்ற மாதங்களில் இதெல்லாம் நமக்குச் சாதகம், ட்யூபின் சுகமே அதுதான். மார்ச், ஏப்ரலில் மட்டும் அதே சாதகம் மீனுக்கு வினையாகிறது.

இன்னொன்று நம் கால்கள். பின்பக்கமாக நகர்வதற்காக ஃபின்ஸ் (நீச்சல் துடுப்பு) மாட்டிய கால்களை உதைத்துக்கொண்டே இருக்கிறோம். நாலடித் தண்ணீரில் அந்த உதை நேராகத் தரைக்குப் போகும். கிளம்பும் சேறு மெல்ல மெல்லப் படியும், பக்கத்தில் கூடு இருந்தால் முட்டைகளின் மேலும் படியும். முட்டைக்கு ஆக்ஸிஜன் போக வேண்டும் என்பதற்காகத்தான் ஆண் மீன் அந்த இடத்திலேயே நின்று துடுப்பை விசிறிக்கொண்டிருக்கிறது. அதன் வேலையை நாம் தெரியாமலேயே இரட்டிப்பாக்கிவிட்டுப் போகிறோம். நம் ஃபின்ஸ் கிளப்பும் சேற்றில் புழு பூச்சி கிடைக்குமென்று ப்ளூகில் என்ற சின்ன மீன்கள் பின்னாலேயே வருவதைப் பார்த்திருப்பீர்கள். வேடிக்கையாகத்தான் இருக்கும். முட்டை தின்னும் அந்தப் படையைக் கூட்டிக்கொண்டு கூட்டுக்கே போகிறோம் என்பது அப்போது உறைக்காது.

கூட்டில் என்ன நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தெரிந்தவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம்.

தண்ணீரின் வெப்பம் ஃபாரன்ஹீட்டில் 60 டிகிரியைத் தாண்டியதும் ஆண் பாஸ் கரையோரம் வந்துவிடும். வெயில் படும், காற்று அதிகம் அடிக்காத ஒதுக்காகப் பார்த்து, சரளையோ கெட்டித் தரையோ உள்ள இடத்தில் இரண்டு மூன்றடி அகலத்துக்கு வட்டமாகச் சுத்தம் செய்யும். பெண் மீன் ஆழத்திலிருந்து வரும், முட்டையிடும், போய்விடும். அதன் தங்கல் அவ்வளவுதான். அதற்கப்புறம் எல்லாமே தகப்பன் பொறுப்பு. முட்டை பொரிய மூன்று நாலு நாள், வெப்பம் குறைவாக இருந்தால் இன்னும் கூடும். பொரிந்த குஞ்சுகள் கொஞ்ச நாள் கூட்டின் அடியிலேயே கிடக்கும், பிறகு நீந்தி எழும்பும். அப்போதும் தகப்பன் விடாது. கறுப்புப் புகை மாதிரி திரியும் குஞ்சுக் கூட்டத்தோடு வாரக்கணக்கில் சுற்றிவரும். இந்த நாட்களில் அது இரை தேடிப் போவதே அபூர்வம். உங்கள் ப்ளாஸ்டிக் புழுவை அது கவ்வியது பசியால் அல்ல. கூட்டுக்குள் நுழைந்துவிட்ட திருடனை வாயில் பிடித்து வெளியே எறியப் பார்த்தது.

கூட்டைச் சுற்றி எப்போதும் ப்ளூகில் காத்திருக்கும். ஆண் மீனைத் தூக்கி, முள்ளைக் கழற்றி, அளவுப் பலகையில் வைத்து, படம் எடுத்து, 'இன்னொன்று எடு, கண் மூடியிருக்கிறது' என்று இன்னொன்றும் எடுத்து (மீனுக்கு இமை கிடையாது, மூடியிருப்பது நம் கண்தான்) தண்ணீரில் விடுவதற்குள் அவை உள்ளே புகுந்துவிடும். அதற்கு நிமிடக் கணக்கே போதும். திரும்பி வரும் தகப்பனுக்குப் பாதிக் கூடுதான் மிஞ்சும்.

'பிடித்தேன், விட்டுவிட்டேன், அதில் என்ன கெட்டுப்போயிற்று?' என்பதற்கு என் பதில் இங்கேதான் இருக்கிறது. விடுவது நல்ல பழக்கம். ஆனால் கூட்டு விஷயத்தில் மீன் உயிரோடு திரும்பியதா என்பதோடு கணக்கு முடிவதில்லை. இல்லினாய்ஸிலும் கனடாவின் ஒன்டாரியோவிலும் கூடு காக்கும் பாஸ் மீன்களைப் பல ஆண்டுகள் கவனித்தவர் டேவிட் ஃபிலிப் என்ற ஆய்வாளர். அவரும் அவரோடு பணியாற்றியவர்களும் கண்டது, பிடித்து விடப்பட்ட ஆண் மீன்களில் கணிசமானவை கூட்டைக் கைவிட்டுவிடுகின்றன என்பது. எவ்வளவு நேரம் கூட்டை விட்டு வெளியே இருந்தது, அதற்குள் எவ்வளவு முட்டை பறிபோயிற்று என்பதைப் பொறுத்து அது கூடும், குறையும். முக்கால்வாசி பறிபோன கூட்டைக் காப்பதை விட, உடம்பைத் தேற்றிக்கொண்டு அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்பது மீனின் கணக்கு. அதைக் குறை சொல்ல முடியாது.

இதே குழுவின் இன்னொரு வேலையைப் பற்றிப் படித்தபிறகுதான் இந்த மடல் எழுதும் எண்ணமே எனக்கு வந்தது. இல்லினாய்ஸில் ரிட்ஜ் லேக் என்று ஒரு சின்ன ஏரி, மிராமாரில் ஒரு மூலை அளவுதான் இருக்கும். 1970-களில் அங்கே ஒரு சோதனை தொடங்கினார்கள். ஏரியில் யார் எந்த மீனைப் பிடித்தாலும் குறித்துக்கொண்டு விட்டார்கள். அப்புறம் ஏரியை வடித்து, அடிக்கடி மாட்டிய மீன்களைத் தனியாகவும் ஒரு முறைகூட மாட்டாதவற்றைத் தனியாகவும் இனப்பெருக்கம் செய்ய வைத்தார்கள். தலைமுறை தலைமுறையாக இதைத் தொடர்ந்து, முடிவை 2009-இல் வெளியிட்டார்கள். தூண்டிலில் மாட்டும் குணம் பிள்ளைகளுக்கும் இறங்குகிறது என்பது அந்த முடிவு. எளிதாக மாட்டுகிறவற்றின் வாரிசுகள் எளிதாக மாட்டின, மாட்டாதவற்றின் வாரிசுகள் குறைவாகவே மாட்டின.

இதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். கூட்டில் யார் வந்தாலும் பாய்ந்து விரட்டும் தகப்பன்தான் நல்ல தகப்பன், அதிகக் குஞ்சுகளைக் கரைசேர்ப்பதும் அதுதான். நம் ஜிக் (ஈயத் தலை வைத்த செயற்கை இரை) உள்ளே விழுந்ததும் முதலில் பாய்வதும் அதே மீன். பயந்து ஒதுங்கும் தகப்பன் தப்பித்துக்கொள்ளும். ஆக, வசந்தத்துக்கு வசந்தம் கூட்டில் கை வைத்தால், எந்தக் குணத்துக்காக பாஸைத் தேடி இவ்வளவு தூரம் வருகிறோமோ அந்தக் குணத்தையே ஏரியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வடிகட்டிக்கொண்டிருப்போம். 'முன்பு மாதிரி இப்போதெல்லாம் கடிப்பதில்லை' என்று கரையில் பேசிக்கொள்கிறோமே, அதற்குப் பல காரணம் இருக்கலாம். இதுவும் ஒன்றாக இருக்கலாம் என்றுதான் நினைக்கிறேன்.

எதிர்க்கட்சிக்கும் நியாயம் உண்டு. ஒரு பெண் பாஸ் ஆயிரக்கணக்கில் முட்டையிடும், தெற்கே வெப்பமான பெரிய ஏரிகளில் கூட்டு மீன்பிடிப்பால் மொத்த மீன்வளம் குறைந்ததாகத் தெரியவில்லை என்று சொல்லும் உயிரியலாளர்கள் இருக்கிறார்கள். கலிஃபோர்னியச் சட்டமும் தடுக்கவில்லை. பொதுவிதிப்படி பாஸுக்கு ஆண்டு முழுக்கத் தடையில்லை, 12 அங்குலத்துக்குக் குறையாமல் நாளொன்றுக்கு ஐந்து. டொராண்டோவில் இருக்கும் சொந்தக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒன்டாரியோவின் தெற்கில் பல இடங்களில் மே பாதியிலிருந்து ஜூன் பாதி வரை பாஸுக்குத் தூண்டில் போட முடியாது, முட்டைக் காலம் முடியட்டும் என்றுதான் அந்த ஏற்பாடு. ஸ்கார்பரோவிலிருந்து ஏரிக்குப் போகும் நம் ஆட்களுக்கு அது பழகிப்போன நாட்காட்டி. குளிர் நாட்டில் பாஸுக்கு வளர்ச்சி மெதுவு, காலம் குறுகல், எனவே அங்கே அந்தத் தடை தேவைப்பட்டிருக்கிறது. நம் ஊர் வேறு. இதெல்லாம் சரி.

ஆனால் நம் ஏரி பெரிய ஏரி அல்ல. மிராமார் 162 ஏக்கர். சுற்றியுள்ள பாதையை நடந்தே முடித்துவிடலாம், ஐந்து மைலுக்குக் கொஞ்சம் குறைவு. அதிலும் பெரும்பகுதி ஆழம், 114 அடி வரை இறங்குகிறது. கூடு கட்டத் தோதான ஆழமில்லாத கரை என்று பார்த்தால் கோரை ஓரமும் சில ஒதுக்குகளும்தான். மர்ரே 171 ஏக்கர், சான் டியேகோவும் லா மேசாவும் சந்திக்கும் இடத்தில், வீடுகளுக்கு நடுவே. இரண்டும் வீட்டிலிருந்து கால் மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஏரிகள். கால் மணி நேரத்தில் நம்மால் போக முடியும் என்றால் ஊரில் எல்லோராலும் முடியும். அதே ஐம்பது கூட்டைத்தான் எல்லோரும் சுற்றிச் சுற்றி வருகிறோம். ஐம்பது என்பது ஒரு பேச்சுக்கு, நான் எண்ணவில்லை.

'சொந்த மண்ணின் மீன்கூட இல்லையே, எங்கிருந்தோ கொண்டுவந்து விட்ட மீனுக்கு இவ்வளவு கரிசனமா?' என்று ஒரு நண்பர் கேட்டார். உண்மைதான். மிராமார் அணையே 1960-இல் வந்தது. அதில் இருக்கும் தண்ணீரும் கொலராடோ ஆற்றிலிருந்தும் கலிஃபோர்னியாவின் வடக்கிலிருந்தும் வந்ததுதான். சான் டியேகோ ஏரிகளின் பெரிய பாஸ் மீன்களின் மூதாதைகள் 1959-இல் ஃப்ளோரிடாவிலிருந்து வந்தவை. நகர ஏரிகளைக் கவனித்துக்கொண்டிருந்த ஆர்வில் பால் என்பவர் அவற்றைக் கொண்டுவந்து அப்பர் ஓட்டே ஏரியில் விட்டார். அங்கிருந்து மற்ற ஏரிகளுக்குப் போயின. வடக்கத்தி பாஸை விட ஃப்ளோரிடா வகை பெரிதாக வளரும். குளிர்காலத்தில் விடப்படும் ட்ரௌட் மீன்களைத் தின்று இன்னும் பெருத்தது. 1973-இல் இதே மிராமாரில் 20 பவுண்டு 15 அவுன்ஸில் ஒன்று பிடிபட்டு நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தது. மீனும் வெளியூர், தண்ணீரும் வெளியூர், பிடிக்கப் போகும் நாமும் வெளியூர். இதில் யாரை யார் துரத்துவது? ஜப்பானில் கதை வேறு. பிவா ஏரியில் பாஸ் பெருகி உள்ளூர் மீன்களை அழித்ததால், பிடித்த பாஸைத் திரும்ப விடுவதே அங்கே தடைசெய்யப்பட்டிருக்கிறது. உலகச் சாதனையைச் சமன் செய்த 2009-ஆம் ஆண்டு மீன் அந்த ஏரியில் கிடைத்ததுதான். அந்த ஏரிக்கு அந்த நியாயம். அணையும் குழாயும் போட்டு உண்டாக்கிய நம் தேக்கத்தில் இந்த மீன் எதையும் துரத்திவிட்டு வந்து உட்காரவில்லை.

கூட்டு மீன்பிடிப்பின் உச்சக் கதை நடந்ததும் நம் மாவட்டத்தில்தான். எஸ்கொண்டிடோவில் டிக்ஸன் ஏரி, 70 ஏக்கர். அங்கே செவுளுக்குக் கீழே கறுப்புப் புள்ளி உள்ள ஒரு பெண் பாஸ் இருந்தது. 'டாட்டி' என்று பெயர் வைத்திருந்தார்கள். 2003-இல் ஒரு முறை பிடிபட்டபோது 21 பவுண்டு 11 அவுன்ஸ். 2006 மார்ச் 20-ஆம் தேதி, மேக் வீக்லி என்பவரும் நண்பர்களும் ஆழமில்லாத தண்ணீரில் நின்ற அந்த மீனுக்கு ஜிக் போட்டார்கள். கையில் பிடித்த தராசில் 25 பவுண்டு 1 அவுன்ஸ் காட்டியது. 1932-இல் ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி பிடித்த 22 பவுண்டு 4 அவுன்ஸ்தான் அன்றைய உலகச் சாதனை. எழுபது ஆண்டுகளுக்கு மேல் யாரும் தொடாத எண்ணை ஒரு நகர ஏரி மீன் கிட்டத்தட்ட மூன்று பவுண்டு தாண்டிவிட்டது. ஆனால் முள் வாயில் இல்லை, முதுகுப் பக்கம் குத்தியிருந்தது. படம் எடுத்துவிட்டு மீனை விட்டார்கள். சாதனைக்கு விண்ணப்பிக்கவில்லை.

இந்தக் கதையை நம் ஆட்கள் கண் விரியச் சொல்வார்கள். 25 பவுண்டு என்பதில் எனக்கும் கண் விரியும்தான். ஆனால் முள் ஏன் வாயில் இல்லை என்பதைப் பலர் யோசிப்பதில்லை. கூட்டின் மேல் நிற்கும் மீன் இரையை எப்போதும் விழுங்க வருவதில்லை. மோதும், தள்ளும், மேலே திரும்பும். நாம் தண்ணீருக்குள் தெரியும் நிழலைப் பார்த்து ராடைச் சுண்டுகிறோம், முள் எங்கே கிடைக்கிறதோ அங்கே ஏறுகிறது. வாயைத் தவிர வேறு இடத்தில் குத்திய மீனை வைத்துக்கொள்வது கலிஃபோர்னியாவில் சட்டப்படி கூடாது, உடனே விட்டாக வேண்டும். கூட்டு மீன்பிடிப்பில் இந்த விபத்து மறுபடி மறுபடி நேரும், யாருடைய கைத்திறமையாலும் தவிர்த்துவிட முடியாது. டாட்டி 2008 மே மாதம் டிக்ஸன் ஏரியில் செத்து மிதந்தது. கறுப்புப் புள்ளியை வைத்துத்தான் அடையாளம் கண்டார்கள்.

பெரிய பெண் மீனுக்காக ஆண் மீனை முதலில் அப்புறப்படுத்தும் பழக்கம் ஒன்று இருக்கிறது. ஆண் மீனைப் பிடித்து, படகின் தொட்டியில் போட்டுவிட்டு, பெண் மீனுக்குத் தூண்டில் போடுவது. நமக்குத் தொட்டி கிடையாது, அதனால் ட்யூபின் ஓரத்தில் வலைக்கூடையைக் கட்டித் தொங்கவிட்டு அதில் போடுகிறார்கள் சிலர். கூடு திறந்து கிடக்கும், காவல்காரன் கூடையில் சுற்றிக்கொண்டிருக்கும். இதைச் செய்கிறவர் யாரென்று நான் எழுதப் போவதில்லை. தயவுசெய்து நிறுத்திவிடுங்கள்.

ஊரில் விரால் பிடித்துப் பழகியவர்களுக்கு இது எதுவும் புதிதல்ல. குளத்தில் செக்கச் செவேலென்று விரால் குஞ்சுக் கூட்டம் மேலே வந்து மூச்சு வாங்கும்போது, தாயும் தகப்பனும் அடியில்தான் நிற்கும் என்று சின்னப் பையனுக்கும் தெரியும். அந்தக் கூட்டத்தின் நடுவே தவளையைப் போட்டால் உடனே பாயும். பாய்வது எதற்கென்றும் தெரியும். பெரியவர்கள் இருக்கும் ஊரில் 'குஞ்சோட நிக்குதுடா, விடு' என்று ஒரு சத்தம் வரும். எல்லா ஊரிலும் வந்தது என்று சொல்ல மாட்டேன், வராத ஊரில் விரால் என்ன ஆயிற்று என்பதையும் பார்த்திருக்கிறோம். இங்கே ஏரிக்கரையில் அந்தச் சத்தம் போட ஆள் இல்லை. ரேஞ்சர் வருவார், லைசென்ஸைப் பார்ப்பார், லைஃப் ஜாக்கெட்டைப் பார்ப்பார், போய்விடுவார். சட்டத்தில் இல்லாததை அவர் கேட்க முடியாது. நாமே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள வேண்டியதுதான்.

சரி, அந்த மூன்று மாதமும் என்ன செய்வது என்று கேட்டால், ட்யூபில் செய்ய ஏகப்பட்டது இருக்கிறது. முட்டையிட வரும் முன் பெரிய பெண் மீன்கள் ஒதுக்குகளுக்குள் வருவதில்லை. வாசலிலேயே, கரை நீண்டு தண்ணீருக்குள் இறங்கும் முனைகளில், பத்து முதல் இருபது அடி ஆழத்தில் கூடி நிற்கும். அந்த நாட்களில் பசியும் இருக்கும். கரைக்கு முதுகைக் காட்டாமல் கரையைப் பார்த்து உட்கார்ந்து, ஆழத்திலிருந்து மேடு நோக்கி ஜிக்கையோ ட்ராப்ஷாட்டில் (ஈயம் அடியிலும் முள் அதற்கு மேலுமாகக் கட்டுவது) கோத்த சின்னப் புழுவையோ போட்டு, சரிவு வழியே மெதுவாக இறக்குங்கள். பின்னோக்கி உதைத்தபடி முனையின் விளிம்பைத் தொடர்வதற்கு ட்யூபை மிஞ்சிய வாகனம் இல்லை. கூட்டில் நிற்கும் இரண்டு பவுண்டு தகப்பனை விட முனையில் நிற்கும் மீன் பெரிதாகவே இருக்கும், கடிப்பதும் உண்மையான பசிக் கடி. என்னைக் கேட்டால், கண்ணுக்குத் தெரியும் மீனைக் கோபப்படுத்திப் பிடிப்பதை விட, கண்ணுக்குத் தெரியாத மீன் எங்கே நிற்கும் என்று யோசித்துப் பிடிப்பதில்தான் ருசி.

முட்டையிட்டுவிட்டுத் திரும்பிய பெண் மீன்கள் கொஞ்ச நாள் சோர்ந்து கிடக்கும். மே கடைசியில் தேறிவிடும். அதிகாலையில் தண்ணீர்ப் பரப்பில் லூர் (செயற்கை இரை) இழுக்கும் காலம் அப்போதுதான் தொடங்கும். அதுவரை குழந்தைகளைக் கூட்டி வந்து கரையிலிருந்து ப்ளூகில் பிடிக்கச் சொல்லிக்கொடுங்கள். வறுத்தால் ருசியான மீன், கூட்டுக்குள் புகும் திருடனும் குறைவான். பெரிய பாஸில் பாதரசம் சேரும் என்பதால் குழம்புச் சட்டிக்கு நான் அதைக் கொண்டுபோவதே இல்லை.

கூட்டுக்கு மேலாகத்தான் போக வேண்டியிருந்தால் ஆழமான பக்கமாகச் சுற்றிப் போங்கள். காலை மடக்கி உதைப்பதை நிறுத்திவிட்டால் ட்யூப் தானாகவே கொஞ்ச தூரம் மிதந்து கடந்துவிடும். தண்ணீர் வெப்பத்தை சோனார் காட்டும். அது இல்லாதவர்கள் ஒரு சின்ன வெப்பமானியைக் கயிற்றில் கட்டி வைத்துக்கொள்ளலாம். 60-ஐத் தொட்டால் ஒதுக்குகளுக்கு விடுமுறை.

பேச்சோடு பேச்சாக இரண்டு விஷயம். ஒன்று, இவை குடிநீர் ஏரிகள், உடம்பு தண்ணீரில் படக்கூடாது என்பதற்காகத்தான் நமக்கு வேடர்ஸ் (தண்ணீர் புகாத நீளக் காற்சட்டை). அரைக்கால் சட்டையோடு ட்யூபில் இறங்கியவரைப் பார்த்து யாராவது புகார் செய்தால், எல்லோருக்கும் சேர்த்துத்தான் கதவை மூடுவார்கள். இன்னொன்று, வெளியிலிருந்து வந்து பெருகும் குவாகா மட்டி 2007-இலேயே இந்த ஏரிகளுக்கு வந்துவிட்டது. 2024-இல் வடக்கே டெல்டா பகுதியில் தங்க நிற மட்டி ஒன்றும் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. ட்யூபின் துணி உறைக்குள்ளும் ஃபின்ஸ் மடிப்பிலும் ஈரம் நாள்கணக்கில் நிற்கும், அதிலேயே மட்டிக் குஞ்சும் ஒட்டிக்கொண்டு வரும். ஒரு ஏரியிலிருந்து இன்னொரு ஏரிக்குப் போகும் முன் முழுவதும் காயவையுங்கள். படகுக்காரர்களைச் சோதிக்கிறார்கள், நம்மை அவ்வளவாகச் சோதிப்பதில்லை என்பதாலேயே இதைச் சொல்கிறேன்.

கடைசியாக, ஏப்ரல் இரண்டாம் சனிக்கிழமை நமக்குள் ஒரு 'பெரிய பாஸ்' போட்டி வைக்கலாம் என்று குழுவில் பேச்சு ஓடுகிறது. தேதி நன்றாக யோசித்து வைத்ததுதான், அன்றைக்குக் கரையோரம் எங்கே பார்த்தாலும் மீன் தெரியும். அதனாலேயே வேண்டாம் என்கிறேன். இருபது பேர் இருபது ட்யூபில் அதே கோரை ஓரத்தைச் சுற்றினால் ஒரே காலையில் எத்தனை கூடு காலியாகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஜூனுக்குத் தள்ளி வையுங்கள். மாட்டும் மீன் எண்ணிக்கை குறையும், ஜெயிக்கிறவர் கொஞ்சம் அதிகமாகவே பீற்றிக்கொள்ளலாம். அதுவரை குழுவில் கூட்டு மீன் படம் போடுவதில்லை என்று எல்லோரும் ஒத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி, படம் போட முடியாதென்றால் பலருக்குக் கூட்டுப் பக்கம் போகவே தோன்றாது.

ஜூன் போட்டிக்கு அளவுப் பலகையும் தராசும் என் பொறுப்பு. காலை டிபனை வேறு யாராவது பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்